நாக்கைத் தட்டி நடக்கும் டைட்டஸ்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஊரிகம் லைன் வீடுகளில் டைட்டஸ் அண்ணனைத் தெரியாதவர் இல்லை. சுரங்கம் மூடும்வரை அங்கே வேலை பார்த்தவர். சர்க்கரை வியாதி கண்ணைக் கொண்டுபோய் ஆறு வருஷம் ஆகிறது. நாக்கை அண்ணத்தில் தட்டி ‘டக் டக்’ என்று சத்தமிட்டபடியே நடப்பார். சத்தம் திரும்பி வந்தால் தகர வேலி, வராவிட்டால் சந்து.

வௌவாலுக்கும் இதே பிழைப்புதான். கத்திவிட்டுக் காது கொடுக்கும். எதிரொலி சட்டென்று வந்தால் பொருள் கிட்டத்தில் இருக்கிறது, தாமதித்தால் தூரத்தில். நெருங்க நெருங்கக் கத்தலும் வேகமாகும். என்ன, அது கத்துவது நம் காதுக்கு எட்டாது. அண்ணன் தட்டுவது நாலு வீட்டுக்குக் கேட்கும். “வௌவால் வருது” என்று பக்கத்து வீட்டில் இருக்கும் நானே ஒருநாள் கிண்டல் செய்தேன். அவர் சிரித்தார். எனக்குத்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அண்ணன் விழுந்ததில் வேலித் தகரம் நெற்றியைக் கிழித்துவிட்டது. மனைவி வினோலியா தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். பயந்துவிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குத் தனியா போய்க் காட்டுங்க. முடியலன்னா இனிமே வாசலத் தாண்டக் கூடாது.”

சொன்னாளே தவிர, மனசு கேட்கவில்லை. தகரம் கிழிக்காமலிருக்க வழி நெடுக வேலிகளில் கம்பளியும் பழைய மெத்தையும் கட்டினாள். நானும் ஒரு கம்பளி கொடுத்தேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு எட்டு வைத்ததும் அண்ணன் கையை நீட்டிக்கொண்டு நடுச்சந்தில் நின்றுவிட்டார்.

“இன்னா வினோ இது, லைனையே காணோம்?”

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. துணி சத்தத்தை விழுங்கிவிடும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. எல்லோருமாக அவிழ்த்துப் போட்டோம்.

சுரங்கத்தில் ஒருவன், பாறை சரியுமா என்று கடப்பாரையால் தட்டிச் சத்தம் கேட்கும்போது மற்றவர்கள் மூச்சுக்கூட விடமாட்டார்கள். அந்தப் பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. யாரும் சொல்லாமலே டிவிகள் அணைந்தன, மிக்சி நின்றது. அண்ணன் நாக்கைத் தட்டிக்கொண்டு நடந்தார்.

வினோலியா செருப்பைக் கழற்றிவிட்டு அடுத்த சந்து வழியாக ஓடினாள். சாக்கடைத் திருப்பத்தில், விழுந்தால் பிடித்துக்கொள்ள, மூச்சை அடக்கி நின்றாள்.

அவர் நெருங்க நெருங்கத் தட்டல் வேகமானது. அவளுக்கு ஓரடி முன்னால் நின்றார்.

“இவ்ளோ குட்டையா இங்க ஒண்ணும் கெடையாதே. வினோதான?”

அவளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“நவுறும்மா. பூசைக்கு நேரமாச்சு.”

வினோலியா நகர்ந்து வழிவிட்டாள்.