இரண்டு வீட்டுக்கு ஒரு அடுப்பு

மாதத்தின் கடைசி வாரம் வந்தால் வதனிக்கு இருப்புக் கொள்ளாது. அரிசி வாளியைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், முற்றத்தைக் கூட்டுவாள், திரும்பி வந்து மறுபடியும் திறப்பாள்.

"திறந்து திறந்து பாத்தா கூடிருமா?" என்று பாயில் கிடந்தபடி அவள் புருஷன் சிவதர்ஷன் கேட்பான்.

சிவதர்ஷன் மேசன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் கட்டும்போது சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவன். இருக்கலாம், கொஞ்ச நேரம் நிற்கலாம், அதற்குமேல் ஏலாது. ஒரு உதவி நிறுவனம் கொடுத்த உணவு அட்டையில்தான் அந்த வீடு ஓடியது. மாதம் பிறந்தால் அட்டைக்குக் காசு வரும். குறித்த கடையில் அரிசி, மா, பருப்பு, தேங்காய் எடுக்கலாம். தேங்காய் விற்கிற விலைக்கு ஒன்றை எடுத்தால் வேறு எதையோ விட வேண்டும். மகள் தனுஷாவுக்குப் பள்ளியில் பகல் சோறு கிடைக்கும். அதனால் மற்றப் பிள்ளைகள் காத்திருக்கும் சனி, ஞாயிறு வராமலே இருந்தால் நல்லது என்று வதனி நினைப்பாள்.

"நீங்க சாப்பிடல்லையா அம்மா?" என்று தனுஷா கேட்பாள்.

"நான் சமைக்கக்குள்ளயே திண்டுட்டன்."

வாவிக்கு இந்தப் பக்கம், படுவான்கரையில், அவர்களுக்கு அடுத்த வளவில் அன்னப்பூரணி தனியே இருந்தாள். புருஷன் இறந்து பல வருடம். மகன் கட்டாருக்குப் போனவன், போனும் எடுப்பதில்லை. அவளுக்கும் அதே அட்டைதான், ஒரு ஆளுக்கானது. ஒருநாள் அவள் ஊசிப்போன தேங்காய்ப் பாதியைக் கோழிகளுக்குப் போடுவதை வேலிக்கு இப்பால் நின்ற வதனி கண்டுவிட்டாள். பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"மாமி, என்ன வேலை செய்யிறீங்க? அது முழுசாக் கறிக்குப் போட்டிருக்கலாமே."

"ஒரு ஆளுக்கு ஒரு தேங்காய் எப்பிடிப் புள்ள முடியும்? உடைச்சா மற்ற நாள் பழுதாப் போகுது. எனக்கெண்டு ஒரு சுண்டு அரிசி வேகவைக்கவும் மனம் வராது."

அன்றைக்குப் பின்னேரமே வதனி முடிவெடுத்துவிட்டாள். இரண்டு வீட்டு அரிசியும் ஒரு பானையில், ஒரு தேங்காய், ஒரு அடுப்பு. சிவதர்ஷனுக்கு அது பிடிக்கவில்லை.

"நம்மட இல்லாமைய அவவுக்கும் காட்டணுமா?"

"அவவுக்குத் தெரியாம என்ன இரிக்கு? நம்மட அடுப்பில புகை வாறதும் வராததும் அவவுக்குத்தானே முதல் தெரியும்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆனால் சேர்ந்து சமைத்தது சரிவந்தது. விறகு மிஞ்சியது. கூனி இறால் போட்டு முருங்கையிலைச் சுண்டல், ஒருநாள் பருப்பு, ஒருநாள் மரவள்ளி என்று மாதம் கடைசிவரை நீண்டது. அன்னப்பூரணி தன் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வருவாள், தனுஷாவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவாள். வதனியின் கோப்பை வெறுமையாக இருந்தால், "சமைக்கக்குள்ள திண்டதெல்லாம் கணக்கில்ல" என்று தன் பங்கிலிருந்து அள்ளி வைப்பாள்.

மழை தொடங்கிய மாதம் நிறுவனத்திலிருந்து ஒரு இளம் உத்தியோகத்தர் வீடுகளைப் பார்க்க வந்தாள். அன்னப்பூரணியின் குசினியில் அடுப்பு இருந்த இடம் கூட்டி மெழுகிக் கிடந்தது.

"அம்மா, நீங்க சமைக்கிறல்லையா?"

"எனக்கு மட்டும் என்னத்துக்குப் புள்ள ஒரு அடுப்பு? வதனியாக்களோட சேந்துதான் சமைக்கிறம்," என்று அன்னப்பூரணி சந்தோஷமாகச் சொன்னாள்.

எழுதிக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"ஒரே அடுப்பில சமைச்சா ஒரு குடும்பம் எண்டுதான் எடுப்பாங்க அம்மா. ஒரு குடும்பத்துக்கு ஒரு அட்டைதான்."

"வீடு வேற, ஆக்கள் வேற. சோறு மட்டுந்தானே ஒண்டா," என்றாள் வதனி.

"எனக்கு விளங்குது அக்கா. ஆனா கண்டத்த நான் எழுதத்தான் வேணும்."

அடுத்த மாதம் அன்னப்பூரணியின் அட்டைக்குக் காசு வரவில்லை. கடைக்காரர் தலையை அசைத்ததும் அவள் எடுத்த சாமான்களைத் தானே பழைய இடத்தில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். அன்று பகல் சாப்பிட வரவில்லை. வதனி போய்க் கூப்பிட்டபோது கதவடியில் நின்றே சொன்னாள்.

"நான் இனி வரல்ல புள்ள. உங்கட சோத்தில கை வைக்க ஏலா."

வதனிக்கு ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. வாய் திறக்குமுன் பின்னால் சத்தம் கேட்டது. சிவதர்ஷன் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவ்வளவு தூரம் அவன் நடந்து பல நாளாகிறது.

"மாமி, உங்கட தேங்காய நாங்க திண்ட நாள்ல நீங்க கணக்குப் பாத்தீங்களா? வந்து இரிங்க. நான் கனநேரம் நிக்க ஏலா."

அன்னப்பூரணி கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு அட்டையில் நாலு பேர். வதனி மழையோடு வாவிக்கரையில் இறங்கிச் சேற்றைக் கிளறி மட்டிச் சிப்பி பொறுக்கினாள். எத்தனை தரம் கழுவியும் மணல் போகவில்லை. தனுஷா மென்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விழுங்கினாள். பிள்ளை குறை சொல்லியிருந்தால் வதனிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆளும் மோட்டார் சைக்கிளும் ஒன்றாக ஏறி வாவியைக் கடக்கும் 'பாதை' என்கிற மிதவையில் அவள் அக்கரைக்குப் போய் நிறுவனத்தில் முறையிட்டாள். மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். திரும்பவும் போனாள், அதையேதான் சொன்னார்கள். வருகிற வழியில் அந்த உத்தியோகத்தரும் பாதையில் ஏறினாள். வதனிக்குப் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நான் திரும்ப வந்து பாக்க வேண்டியிரிக்கு. வரக்குள்ள அம்மாட வீட்டில அடுப்பு எரியணும்."

"பொய்க்கு எரிக்கச் சொல்றீங்களா?"

"எரிஞ்சாப் போதும்."

வீட்டுக்கு வந்து வதனி அதைச் சொன்னாள். "விறகுக்கு எங்க போற? சும்மா எரிச்சுக் காட்ட ஒரு அடுப்பா?"

சிவதர்ஷன் களிமண் குழைத்துத் தரச் சொன்னான். அன்னப்பூரணியின் குசினியில் சாக்கு விரித்து இருந்துகொண்டு, உடைந்த செங்கற்களை அடுக்கி அடுப்புக் கட்டினான். விழுந்த பிறகு அவன் கட்டிய முதல் வேலை. விளிம்பைத் தடவித் தடவி மட்டம் பார்த்தான். முடிந்ததும் வலியில் அவனால் எழும்ப முடியவில்லை, பெண்கள் இருவரும் பிடித்துத்தான் தூக்கினார்கள்.

மண் காய்ந்துகொண்டிருக்கும்போதே வதனிக்கு யோசனை வந்தது. ஏன் சும்மா எரிக்க வேண்டும்? சோறு அங்கே, கறி இங்கே.

உத்தியோகத்தர் வந்த அன்று இரண்டு வீட்டிலும் புகை எழுந்தது. அவள் அன்னப்பூரணியின் பானை மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு ஆளுக்கு அது கூடுதலான சோறு.

"கறி எங்க அம்மா?"

"அங்க வேகுது," என்றாள் அன்னப்பூரணி.

உத்தியோகத்தர் மூடியை வைத்தாள். அடுப்பு இரண்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மார்கழியில் அட்டை திரும்ப வேலைசெய்தது. அன்றைக்குத் தேங்காய்ப்பால் தடிப்பாக விட்டுச் சொதி வைத்தார்கள். தனுஷா இரண்டாம் முறை கேட்டாள், மூன்றாம் முறையும் கேட்டாள். வதனியும் எல்லாரோடும் கீழே இருந்து சாப்பிட்டாள். பாதியில் அவள் கை நின்றது.

"என்ன புள்ள?" என்றாள் அன்னப்பூரணி.

"தை மாசம் இவள் ஆறாம் ஆண்டுக்குப் போறாள் மாமி. பள்ளியில சோறு அஞ்சாம் ஆண்டு வரைக்கும்தான்."

"அது வரக்குள்ள பாப்பம். இப்ப சாப்பிடு."

அவள் சாப்பிட்டு முடித்தாள். ஆனால் கை கழுவியதும் நல்ல சீலையை மாற்றிக்கொண்டு பள்ளி அதிபர் வீட்டுக்கு நடந்தாள். பள்ளியில் பிள்ளைகளுக்குச் சமைக்கும் பெண்களில் ஒருத்தி வேலையை விட்டு நிற்கப்போவதாகக் கேள்விப்பட்டிருந்தாள்.

"இதுக்கு முன்ன கன பேருக்குச் சமைச்சிரிக்கிங்களா?" என்று அதிபர் கேட்டார்.

"நாலு பேருக்குத்தான் சேர். இல்லாத சாமானில."

அவர் சிரிக்கவில்லை. "பள்ளி திறந்ததும் வாங்க, பாப்பம்," என்றார்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள். மழை மறுபடி தூறத் தொடங்கியது. எத்தனை பிள்ளைகள், எவ்வளவு அரிசி, பருப்பை எப்போது போடுவது என்று யோசித்தபடியே வந்தவள் தன் வீட்டு வேலிப் படலையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போய்விட்டாள்.