குப்பி எடுத்தவள்

எங்கள் பல்கலைக்கழகம் சிறியது. பதுளை டவுனில் பஸ் ஏறி, வளைவில் இறங்கி, மூச்சு வாங்க மேலே ஏறினால் மொத்த வளாகமும் ஒரு பார்வையில் அடங்கிவிடும். தமிழ் பேசுகிற பிள்ளைகள் அத்தனை பேரும் கேன்டீனில் இரண்டு மேசைகளில் அடங்கிவிடுவோம். பாடம் முழுக்க ஆங்கிலத்தில். தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வந்த எனக்கு, ஆரம்பத்தில் விரிவுரையாளரின் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது.

அதற்குத்தான் குப்பி இருந்தது. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்த காலத்துப் பெயர் என்பார்கள். விளங்கியவர் விளங்காதவருக்குச் சொல்லிக்கொடுப்பது, அவ்வளவுதான். எங்கள் வருஷத்தில் குப்பி எடுத்தவள் என் அறைத்தோழி. லுணுகலைப் பக்கத்துத் தோட்டக்காரி. நான் பெரகலப் பக்கம். இரண்டு பேர் வீட்டிலும் அம்மா கொழுந்து பறிக்கிறவர். அதனால் முதல் நாளே ஒட்டிக்கொண்டோம்.

இரசாயனச் சமநிலை என்ற பாடம் எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. ஹொஸ்டல் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவள் சொன்னாள்: "ஒங்கிட்ட ஒரு கொடம், எங்கிட்ட ஒரு கொடம். நான் ஒன் கொடத்துல ஒரு செம்பு ஊத்துறேன், அதே நேரம் நீ என் கொடத்துல ஒரு செம்பு ஊத்துற. மட்டம் மாறல. ஆனா ரெண்டு பேர் கையும் நிக்கலல்ல? அதாண்டி சமநிலை." ஒரு மணி நேர விரிவுரையில் விளங்காதது அந்த இரண்டு குடத்தில் விளங்கியது. நாலு புத்தகம் வாங்கியும் விளங்கவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

இரண்டாம் வருஷத்தில் அவளுடைய அப்பா மழையில் வழுக்கி, பள்ளத்தில் விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆகவே இவள் போனாள். "அப்பா எந்திரிச்சு ஒக்காந்ததும் வந்துருவேன்டி" என்று பாதி உடுப்பை அலுமாரியிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

அப்பா எழுந்து உட்காரவில்லை. ஆனால் குப்பியும் நிற்கவில்லை. நாங்கள் விரிவுரையை போனில் பதிவு செய்து அவளுக்கு அனுப்புவோம். அவள் வீடு இருந்த லயத்தில் சிக்னல் கிடையாது. அவள் முனியாண்டி கோயில் பாறை வரை ஏறிப்போய் அதை இறக்கிக்கொள்வாள். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். பிறகு அதையே தமிழில் பேசிப் பதிவு செய்து, மறுபடியும் பாறைக்கு ஏறி எங்களுக்கு அனுப்புவாள். ஆங்கிலத்தில் மலை ஏறிய பாடம் தமிழில் இறங்கி வந்தது. பேச்சுக்கு நடுவே அப்பாவின் முனகல் கேட்கும். "இந்தா வாறேன்ப்பா" என்பாள். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

வகுப்பில் உட்கார்ந்திருந்த எங்களைவிட அவளுக்குத்தான் பாடம் தெரியும். ஆனால் வகுப்பில் உட்காராததால் அவளுக்கு வரவு போதாது. வரவு போதாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. அப்பாவின் வைத்தியச் சான்றிதழைக் கொடுத்து விண்ணப்பித்திருந்தாள். மாணவியே நோயாளியாக இருந்தால்தான் அது செல்லுமாம். இருந்தாலும் முடிவான பதில் யாரும் சொல்லவில்லை. பதில் வராததையே நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டோம். எவ்வளவு பைத்தியக்காரத்தனம்!

பரீட்சையன்று முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தலை படிய வாரியிருந்தாள். இளைத்திருந்தாள். மண்டபத்து வாசலில் நின்ற அதிகாரி அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "சொரி நங்கி" என்றார், தங்கையிடம் சொல்வதைப் போல. பாடம் எடுத்த விரிவுரையாளரும் வந்தார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது. அடுத்த வருஷம் வந்து எழுதலாம் அம்மா என்றார். அங்கே கெட்டவர் என்று யாருமே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். ஒரு கெட்டவன் இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

"நீ போடி, நேரமாகுது" என்று அவள்தான் என்னை உள்ளே தள்ளிவிட்டாள்.

மூன்றாவது கேள்வி சமநிலை. அவள் குரல் காதில் சொல்லச் சொல்ல எழுதினேன். கண்ணீர் விடைத்தாளில் விழாமல் இருக்க முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது மரத்தடியில் காத்திருந்தாள். வினாத்தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். "இத எழுதினியா? ரெண்டு பக்கமும் ஒரே வேகம்னு போட்டியா?"

"போட்டேன்."

"அப்ப பாஸ்டி!" என்று சிரித்தாள். பிறகு அறைக்கு வந்து, அலுமாரியில் விட்டுப்போன உடுப்பை மடித்துப் பையில் வைத்தாள். நான் கட்டிலில் குப்புறப் படுத்து அழுதேன். அவள் அழவில்லை. பகல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றாள்.

அடுத்த வருஷம் அவள் வரவில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் வரவில்லை. அம்மாவுக்கு முடியாமல் போக, கொழும்பில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தாள்.

நான் பட்டம் வாங்கி, அதே பீடத்தில் தற்காலிகமாகச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். அவளுடைய பதிவுகள் இன்னும் பிள்ளைகளின் போன்களில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எல்லப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருக்கிற ஒரு பிள்ளை போன வாரம் என்னிடம் வந்தாள். "மிஸ், குப்பி எடுக்குற அந்த அக்கா இப்ப எந்த கெம்பஸ்ல லெக்சரரா இருக்காங்க? ஒரு டவுட் கேக்கணும், நம்பர் தாங்களேன்" என்றாள்.

கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு என் அறைத்தோழிக்குப் போன் எடுத்தேன். கடையில் இருந்தாள். பின்னால் யாரோ பச்சை நிறத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். "இந்தா வாறேன்" என்று கேட்டவரிடம் சொன்னாள். பதிவுக்கு நடுவே அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவாளே, அந்த மாதிரி.

"எனக்கு அதெல்லாம் மறந்து போச்சுன்னு சொல்லிருடி" என்றாள்.

நான் சரி என்றேன். போனை வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அந்தப் புள்ளைக்கு வரவெல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் கேளு" என்றாள்.