புகைந்த விரல்

போர்க்காலத்தில் கடலில் ரோந்து சுற்றிய குண்டுவீச்சு விமானத்தின் மாதிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் சின்னது, பெரியது என இரண்டு அளவுகளில் இருந்தது. சின்னதன் பாகங்களைச் செருகினால் போதும். பெரியதைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். பெரியதைத்தான் எடுத்தேன். கடைக்காரர் பசையைத் திறந்து காட்டினார். அந்த நெடியில் எனக்கு மறுபடியும் பத்து வயதாகிவிட்டது.

இராஜபாளையத்தில் அப்பாவுக்கு பேண்டேஜ் மில்லில் வேலை. வீட்டில் எது சிந்தினாலும் பேண்டேஜ் துணியால்தான் துடைப்போம். பொம்மை விமானத்துக்கு இறக்கை ஒட்டியபோது விரலில் வழிந்த பசையையும் அப்படியே துடைத்தேன். பருத்தியில் பட்டால் அந்தப் பசை சூடேறும் என்று யாருக்குத் தெரியும்? தீயே இல்லாமல் துணி கொதித்துப் புகைந்தது.

"யப்பா, நான் செத்தேன்!"

அப்பா என் கையைத் தண்ணீரில் அமுக்கினார். "ஏலே, செத்தவன் இம்புட்டுச் சத்தமாவா கத்துவான்?"

"அண்ணாச்சி, பெருசையே கட்டிரவா?" என்றார் கடைக்காரர்.

"சின்னதே போதும்" என்றேன். கைகள் இரண்டும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயிருந்தன.