உப்புப் பூத்த புல்தரை

எங்கள் வீட்டின் முன்புறம் இருபது அடி நீளமும் பதினைந்து அடி அகலமும் கொண்ட ஒரு புல்தரை இருந்தது. கரையான்சாவடியிலிருந்து உட்புறமாகப் பிரியும் எங்கள் தெருவில் அதுபோல் இன்னொன்று கிடையாது. மற்ற வீட்டுக்காரர்கள் வாசல் முழுவதும் சிமென்ட் கல் பதித்து அதன்மேல் காரை நிறுத்திக்கொண்டார்கள். நான் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு வாசலில் புல் வளர்த்தேன். சிலர் அதைப் பகட்டு என்று கருதினார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் மறுக்கவில்லை. உண்மையான காரணத்தை வெளியே சொல்வதைவிடப் பகட்டுக்காரன் என்று பெயர் எடுப்பது எனக்கு எளிதாக இருந்தது.

என் மனைவிக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்தது. பேச்சும் கையும் சில மாதங்களில் திரும்பிவிட்டன. இடது கால் மட்டும் ஒரு நொடி பிந்தியே வரும். மருத்துவமனையிலிருந்து வந்த சில நாட்களில் போர்டிகோவின் வழவழப்பான தரையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு தப்பியது. ஆனால் அன்றிலிருந்து கடினமான தரை எதுவானாலும், சுவரையோ என் தோளையோ பற்றாமல் ஓரடிகூட எடுத்துவைக்க மாட்டாள். பயிற்சி தர வந்த பிசியோதெரபிஸ்ட், மெத்தென்ற சமமான மண்ணில் நடக்கப் பழக்குங்கள் என்றார். அவர் சொன்ன வாரத்திலேயே சிமென்ட் கற்களைப் பெயர்த்தெடுத்தேன். செம்மண்ணும் மணலும் கொட்டிச் சமன் செய்து, வேலப்பன்சாவடி நெடுஞ்சாலை ஓரத்து நர்சரியிலிருந்து பாய் பாயாகச் சுருட்டி வந்த புல்லை விரித்தேன்.

வேர் பிடித்து ஒரு மாதம் ஆன பின், ஒரு மாலை அவளைக் கைப்பிடித்து இறக்கினேன். நான்கடி நடந்ததும் நின்றாள்.

"கைய விடுங்க. விழுந்தா புல்லுதானே" என்றாள்.

விட்டேன். அவள் கேட்டிலிருந்து நந்தியாவட்டைச் செடி வரை தனியே நடந்தாள். திரும்பியும் தனியே வந்தாள். அதன்பின் வெயில் தணிந்த ஒவ்வொரு மாலையும் அவளுக்கு நாற்பது நடை. நான் போர்டிகோ நாற்காலியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு படிப்பதுபோல் அமர்ந்திருப்பேன். தெருவில் போவோர் கண்ணுக்கு, காற்று வாங்க உலவும் ஒரு பெண்மணி. அவள் அப்படித் தோன்றவே விரும்பினாள். நானும் அப்படியே விரும்பினேன்.

சென்ற கோடையில் தெருவின் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கீழிறங்கின. பங்குனி முடியும் தறுவாயில் குடியிருப்போர் சங்கக் கூட்டம், எதிர்ப்புற அடுக்குமாடியின் வண்டி நிறுத்துமிடத்தில் கூடியது. அந்த அடுக்குமாடியில் வசிக்கும், மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் எழுந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், குறும்பான முகம்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நாங்க குளிக்கதுக்கே லாரித் தண்ணி வாங்குதோம். உங்க வீட்ல புல்லு தெனமும் ரெண்டு வேள குளிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். வகுப்பில் சிரிப்பு எழுந்தால் அடக்கத் தெரியும், அங்கே தெரியவில்லை. என் மனைவி நடப்பதற்காக என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த இடம் அடங்கியிருக்கும். அவளுடைய கால் குறையை அத்தனை பேர் நடுவில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக எழுந்து நின்று இப்படி அறிவித்தேன்:

"நாளை முதல் என் புல்தரைக்குக் கிணற்று நீரும் லாரி நீரும் ஒரு சொட்டுக்கூடச் செல்லாது. நம் வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரம் குடிநீரைப் பிரித்தபின் ஒதுக்கித் தள்ளும் நீர் வீணாகச் சாக்கடையில் போகிறது. அந்த நீர் ஒன்றைக் கொண்டே அதைக் காப்பேன். விரும்புவோர் தங்கள் வீட்டு நீரையும் கொண்டுவந்து தரலாம்."

கைதட்டினார்கள். அன்றே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் என்னை 'நம் தெருவின் வழிகாட்டி' என்று எழுதினார்கள். அந்தச் சொல்லை நான் ஒருமுறைக்கு மேல் படித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒதுக்கப்படும் நீரில் உப்பு கூடுதலாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஐப்பசி மழை நாட்களில், உப்பின் அளவைக் காட்டும் பேனா போன்ற கருவியை அந்த நீரில் அமிழ்த்திப் பார்த்திருந்தேன். புல் தாங்கக்கூடிய அளவுதான். அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்தில் பேசினேன். மழைக்கால எண்ணைக் கோடைக்கு எடுத்துக்கொண்டேன். கிணறு இறங்க இறங்க அடிநீரின் உப்பு ஏறும் என்பதையும், என் வீட்டு எண் மற்ற வீடுகளுக்குப் பொருந்தாது என்பதையும் நினைத்துப் பார்க்கவில்லை. சோதிக்க வேண்டிய நீரை அன்றன்றே எடுத்து அன்றன்றே அளக்க வேண்டும் என்பது, ஆய்வகத்தில் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு நான் சொன்ன முதல் பாடம்.

மறுநாளிலிருந்து வாளிகள் வரத் தொடங்கின. முதலில் வந்தவர் அந்தத் திருநெல்வேலி இளைஞரே. "அன்னைக்குக் கேலியாப் பேசிட்டேன் சார். மனசுல வச்சுக்கிடாதீங்க" என்று இரண்டு வாளிகளைக் கேட்டருகே வைத்தார். தினமும் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பியதும் அவரே சுமந்து வந்தார். மற்ற வீடுகளிலிருந்தும் குடங்களும் பெயின்ட் டப்பாக்களும் வந்தன. புல்லுக்கு முன்பைவிட அதிக நீர் கிடைத்தது.

மாதம் இருமுறை களை எடுக்க வரும் பெண் திருநின்றவூர்ப் பக்கத்தவர். அவருடைய குடும்பம் முன்பு நெல் வயல்களில் கூலி வேலை செய்தது. இப்போது பிள்ளைகள் அம்பத்தூர்த் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். சித்திரை பிறந்தபின் வந்தவர், குந்தி அமர்ந்து புல்லை விலக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து சென்று, வாளி நீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார்.

"இன்னா சார் தண்ணி இது? கரிக்குது. புல்லு கொமட்டிக்கினு கீது."

"குடிநீரில் எஞ்சியதுதான் அம்மா. அளவு பார்த்தே ஊற்றுகிறேன்."

"மெஷினு சொல்லட்டும் சார். எங்க நாக்கு சொல்றதையும் கேளு. பயிருக்கு ஆவாது."

கரைதிறன் பற்றியும் மண்ணின் தாங்குதிறன் பற்றியும் அவருக்குச் சற்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "நீ படிச்சவரு, உனுக்குத் தெரியாததா" என்று களைக்கொத்தை எடுத்துக்கொண்டார்.

பத்து நாட்களில் புல்லின் நுனி பழுத்தது. வெயில் என்று எண்ணிப் பச்சை வலை கட்டினேன். ஓரங்கள் வைக்கோல் நிறமாயின. நீர் போதவில்லை என்று எண்ணி, வந்த வாளிகள் அனைத்தையும் ஊற்றினேன். ஒரு விடியற்காலையில் மண்ணின் மேல் கோலப்பொடி சிந்தியதுபோல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. விரலால் தொட்டேன். நாக்கில் வைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. உள்ளே சென்று அளவுக் கருவியை எடுத்து வந்து ஒவ்வொரு வாளியிலும் அமிழ்த்தினேன். மழைக்கால அளவைவிடப் பன்மடங்கு ஏறியிருந்த முதல் எண்ணைக் கருவியின் கோளாறு என்று நினைத்தேன். நான்காவது வாளிக்குப் பின் அப்படி நினைக்க முடியவில்லை. ஊற்றுவதை நிறுத்தினேன், வாளிகளை மட்டும் யாரிடமும் மறுக்கவில்லை.

அதற்குள் மனைவியின் நடை குறைந்துகொண்டே வந்தது. காய்ந்த புல் காலுக்கடியில் நொறுங்கியது. அடியிலிருந்த மண் இறுகிக் கட்டியாயிருந்தது. நடுவில் எஞ்சிய பச்சைத் திட்டில்தான் அவள் நடந்தாள். பன்னிரண்டு அடி, பிறகு எட்டு அடி.  ஒரு மாலை, திரும்புமிடத்தில் இடது கால் ஒரு மண்கட்டியில் இடறி, நந்தியாவட்டைக் கிளையைப் பிடித்துத் தப்பினாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினேன்.

"பேப்பர் கீழ விழுந்திடுச்சு பாருங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

களை எடுக்கும் பெண்ணை மறுநாளே வரவழைத்தேன். இம்முறை நான் விளக்கவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் ஒரு பிடிப் புல்லைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்.

"வேர்ல இன்னும் கொஞ்சம் உசுரு கீது சார். நல்ல தண்ணி ஒரு லாரி வாங்கிக் கொட்டு. உப்பெல்லாம் கரைஞ்சு அடியில போயிரும். நாலு நாளுக்குள்ள செய்யணும். அக்னி வெயிலு வந்திருச்சுன்னா அப்புறம் மழையத்தான் பாத்துக்கினு ஒக்காரணும்."

நான்கு நாட்கள் எனக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றை என்ன செய்தேன் என்று எழுதுவது எனக்கு எளிதல்ல. முதல் நாள், லாரி வந்து நின்றால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள், வீட்டுத் தேவைக்கென்று சொல்லி வாங்கிச் சிறுகச் சிறுகப் பாய்ச்சலாமா என்று யோசித்தேன். ஊருக்கு ஒரு சொல்லும் வீட்டுக்கு ஒரு செயலுமாக வாழ்ந்ததில்லை என்ற கர்வம் தடுத்தது. மூன்றாம் நாள் மனைவி கேட்டாள்:

"கெமிஸ்ட்ரி வாத்தியார் வீட்டுப் புல்லு உப்புல கருகிடுச்சுன்னு ஊரு சிரிக்கும். அதானே ஒங்க கவலை?"

"அப்படியொன்றுமில்லை."

"சிரிச்சா சிரிக்கட்டுமே. எனக்கு நடக்கணும்ங்க."

நான்காம் நாள் காலையில் தொலைபேசியை எடுத்தேன். தண்ணீர் லாரிக்காரரின் குரல் களைத்திருந்தது. "இப்ப எல்லாரும்தான் கேக்குறாங்க சார். புதுசா பதியுறவங்களுக்குப் பத்து, பன்னெண்டு நாள் ஆவும். அதுவும் குடிக்கிறதுக்குன்னாத்தான்." வேறு மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் எடுக்கவில்லை. மற்ற இருவரும் அதையே சொன்னார்கள்.

எஞ்சியிருந்தது ஒரே வழி. எதிர் அடுக்குமாடிக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் லாரி வந்துகொண்டிருந்தது. அந்த இளைஞரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அதில் பாதியையாவது என் வாசலுக்குத் திருப்பியிருப்பார். அவர் மனம் எனக்குத் தெரியும். அன்று மாலை கேட்டருகே அவருக்காகக் காத்திருந்தேன். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் இருமுறை அமைத்துப் பார்த்தேன். அவர் வியர்வையில் நனைந்த சட்டையோடு இரண்டு வாளிகளைச் சுமந்து வந்தார்.

"புல்லு கொஞ்சம் வாடுன மாதிரி இருக்கே சார். நாளைலருந்து பக்கத்து பிளாட்லயும் சொல்லி இன்னும் ரெண்டு வாளி கொண்டாரட்டுமா? வேற ஏதும் வேணும்னாலும் சொல்லுங்க."

தளும்பாமல் அத்தனை தூரம் சுமந்து வந்திருந்தார். இத்தனை நாளாய் நீங்கள் சுமந்ததுதான் இதைக் கொன்றது, சுமக்கச் சொன்னவன் நான் என்று அவரிடம் சொல்ல வேண்டும். கூடவே தண்ணீரும் கேட்க வேண்டும். வாய் திறந்தது.

"ஒன்றும் வேண்டாம் தம்பி. நன்றி" என்றேன்.

அவர் போன பின், இரண்டு வாளிகளையும் வீட்டின் பின்புறம் கொண்டுசென்று சாக்கடையில் கவிழ்த்தேன். முதுகு வலித்தது. திரும்பி வந்தபோது மனைவி ஜன்னல் கம்பியைப் பற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் நடுவிலிருந்த பச்சையும் போயிற்று. களை எடுக்கும் பெண் காய்ந்த புல்லைப் பாய்போல் உரித்துச் சுருட்டி ஓரத்தில் வைத்தார். "ரெண்டு மழையாச்சும் பெய்ஞ்சு மண்ணு கழுவணும் சார். அதுக்கு முன்னாடி இன்னா வெச்சாலும் பொழைக்காது" என்றார். பழைய சிமென்ட் கற்களைத் திரும்பப் பதித்துவிடலாமே என்று சங்கத்தில் ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவருக்கும் சொல்லவில்லை.

புல்லை உரித்த அன்று மாலையே, நாற்காலியில் நான் அமர்ந்திருந்தபோது மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வெறும் மண்ணின் விளிம்பில் நின்று, என் பக்கம் கையை நீட்டினாள்.

"வாங்க. புடிச்சுக்குங்க."

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவள் வாசலில் என் கையைக் கேட்டதில்லை. தெருவில் மாலை நேரத்து நடமாட்டம் இருந்தது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சென்று அவள் கையைப் பிடித்தேன். விரல்கள் என் மணிக்கட்டை இறுகப் பற்றின. கட்டியும் வெடிப்புமாய் இருந்த மண்ணில் ஒவ்வோர் அடியாக நடந்தோம். அவளுடைய இடது கால் பிந்தி வருவதை இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மூன்றாவது நடையில் கேட் திறந்தது. அந்த இளைஞர் இரண்டு வாளிகளோடு உள்ளே ஒரு காலை வைத்து நின்றார். என் மனைவியின் காலைப் பார்த்தார். எங்கள் கைகளைப் பார்த்தார். வெறும் மண்ணைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. 

"சார்... தண்ணிய எங்கன வைக்கட்டும்?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் உண்மையைச் சொல்வேன் என்று காத்திருந்தாள். 

"வழக்கமான இடத்திலேயே வையுங்கள்" என்றேன்.

அவர் வாளிகளை ஓசையில்லாமல் வைத்துவிட்டுப் போனார். மீதமிருந்த நடையை நாங்கள் முடித்தோம்.