இரும்பா காந்தமா என்று தெரியாத கை

மனைவியை இனி டிரெஸ்ஸிங்குக்குக் கூட்டிவரப் போவதில்லை என்று அற்புதம் சொன்ன காலையில் நான் இருவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் தங்கச் சுரங்கத்தில் கல் அரைக்கும் மில்லில் ஃபிட்டர். நல்ல திடகாத்திரமான ஆள். மனைவி மேரிக்குச் சர்க்கரை வியாதி. கால் மரத்துப்போய், கட்டைவிரலில் புண். அதைக் கட்டிவிடும் நர்ஸ் நான்.

கல்லோடு வரும் இரும்புத் துண்டுகளை இழுக்க மில்லில் காந்தம் வைத்திருப்பார்கள். அதில் உடைந்த துண்டு ஒன்றை அற்புதம் மணிக்கட்டில் கட்டியிருந்தார்.

"ரத்தம் ஓடாம தானே கால் மரத்துப் போவுது சிஸ்டர்? இத கட்னா என் கையில சுருசுருன்னு ஓடுது. இவ கால்லயும் கட்டிடறேன். புண்ணு தானா ஆறும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "முதல்ல நோய் இல்லாதவங்க கையில பார்க்கலாம். அதுவரைக்கும் டிரெஸ்ஸிங்க நிறுத்தாதீங்க" என்றார்.

அற்புதம், மில்லில் அவருடைய கூட்டாளி ஒருவர், வார்டு ஆயா, நான் என்று நாலு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கையில் காந்தம், மறு கையில் அதே எடையில் சாதா இரும்பு. இரண்டையும் டாக்டரே ஒரே மாதிரி காக்கித் துணியில் தைத்துவிட்டார். எது எதில் என்று சொல்லவில்லை. காந்தம் இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கத்தரிக்கோல், டிரே எல்லாம் வெளியே போயின.

என் வலது கை சூடேறியது. விரல் நுனி துடித்தது. அதில்தான் காந்தம் என்று சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பேன். அற்புதம் இடது கை என்றார். ஆயா இரண்டும் என்றாள், கூட்டாளி ஒன்றும் தெரியவில்லை என்றார். தெர்மாமீட்டர் வைத்தால் இரு கையிலும் வித்தியாசம் தெரியவில்லை. நகத்தை அழுத்தி விடுவித்தால் இரு கையிலும் சிவப்பு ஒரே வேகத்தில் திரும்பியது.

துணியைப் பிரித்தபோது என் வலது கையில் இருந்தது சாதா இரும்பு. அற்புதத்தின் இடது கையில் காந்தமேதான். அவர் முகம் மலர்ந்தது. டாக்டர் மறுபடி தைத்து, மாற்றிக் கட்டினார். இப்போதும் அவர் இடது கை என்றார். இந்த முறை அது இரும்பு.

"அப்ப நான் பொய் சொல்றனா சார்?"

"இல்லப்பா. சூடு நிஜம். அது காந்தத்தால வந்துதான்னு தான் எனக்குப் புரியல. நாலு பேர வச்சு இல்லன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது."

 தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னால் நான் மேரியின் காலுக்கு என்ன பதில் சொல்வது?

ஓரமாக உட்கார்ந்திருந்த மேரிதான் கணவரைப் பார்த்துப் பேசினாள். "உங்க கைக்கு உணர்ச்சி இருக்குது. சூடுன்னா சொல்றீங்க. என் காலு வெந்தாலும் எனக்குத் தெரியாது. நீங்க இறுக்கிக் கட்டி அழுகிப்போனா யாரு சொல்றது?"

 அற்புதம் என்னிடம், "நாளைக்கு இன்னா நேரத்துக்கு இவள டிரெஸ்ஸிங்குக்கு இட்டாரணும் சிஸ்டர்?" என்று கேட்டார்.

புண் மெதுவாக ஆறியது. காந்தத்தை மட்டும் அவர் தன் கையிலிருந்து கழற்றவேயில்லை.

இரும்பு ஏன் என் கையைச் சுட்டது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் பிறகு வந்த நர்ஸ்களிடம் ஒன்று சொல்வேன்: நோயாளி சூடு என்றால் சூடு என்றே எழுதுங்கள். எதனால் என்பதை, தெரியும்வரை எழுதாதீர்கள்.