லவாலில் ஓர் ஊதா ஜக்கெற்றின் பின்னால்

ஒக்ரோபர் முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு பார்க் எக்ஸ்ரென்சனில் உள்ள எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு, மகளோடு லவாலில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டேன். மொன்றியல் தீவின் வடக்கே ஆற்றைக் கடந்தால் லவால். மெற்றோவும் பஸ்சும் சேர்த்து ஒரு மணித்தியாலம். இதையெல்லாம் ஒரு பயணம் என்று எழுத வந்துவிட்டாளே என்று சிரிப்பவர்கள் சிரியுங்கள். பதினொரு வயதுப் பெண்பிள்ளையோடு, ஹலோவீன் நாளில், அவள் போட்ட நிபந்தனைக்குத் தலையாட்டிவிட்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்போது தெரியும் தூரம்.

ஹலோவீன் தெரியாதவர்களுக்கு: பிள்ளைகள் பேய், பூனை, எலும்புக்கூடு என்று வேஷம் போட்டுப் பொழுதுபட வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்கும் நாள் அது. வாசலில் வெளிச்சம் எரிந்தால் தட்டலாம், இருட்டென்றால் பேசாமல் போய்விட வேண்டும். நான் கனடாவுக்கு வந்த முதல் வருடம் இது எனக்கு எங்கே தெரியும்? கதவைத் திறந்தால் மூன்று எலும்புக்கூடுகள் நிற்கின்றன. படாரென்று சாத்திவிட்டேன். பிறகு பாவமாக இருந்தது. திரும்பத் திறந்து ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தேன். மூன்றும் 'மெர்சி' என்று பிரெஞ்சில் நன்றி சொல்லித்தான் போயின.

என் மகள் ஆரணியை முதன்முதலாகக் கூட்டிப் போனது அவளுடைய மூன்று வயதில். பூசணிக்காய் வேஷம். மூன்றாவது வீட்டுக்குப் போக முன்னமே என் தோளில் நித்திரையாகிவிட்டாள். அதற்குப் பிறகு தேனீ, முயல், மிளகாய், விண்வெளிக்காரி என்று ஒவ்வொரு வருடமும் ஒவ்வொன்று. ஒரு வருடத்தையும் நான் தவறவிட்டதில்லை. இந்த வருடம் வௌவால். முகமூடி நாலு டொலர், சிறகு எங்கள் பழைய குடைத்துணி. நிபந்தனையும் வௌவால்தான் போட்டது.

"அம்மா, இந்தமுறை நீங்கள் சித்தி வீட்டிலேயே இருங்கோ. நானும் மிதுவும் ஃபிரெண்ட்ஸோட தனியப் போறம்."

"நான் கிட்ட வரேல்லை. தூரத்தில நிண்டு..."

"தூரத்திலயும் வேண்டாம்."

ஓம் என்றேன். நான் வேலை செய்வது ஒரு கார்தரியில்; வேலைக்குப் போகும் பெற்றோர் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம். பகல் முழுக்க எட்டுத் தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பேன். பூங்காவுக்குப் போனால் எண்ணுவேன், திரும்பி வந்தால் எண்ணுவேன். வீட்டில் எண்ணுவதற்கு எனக்கு இருப்பது ஒரே ஒரு தலை. அதையும் எண்ணாதே என்றால் நான் என்ன செய்வது?

மாலை 4.05. பார்க் நிலையத்தில் நீல வரி மெற்றோ. லவாலுக்குப் போக இரண்டு வலய ரிக்கெற் வேண்டும்; ஆரணிக்கு இன்னும் பன்னிரண்டு ஆகாதபடியால் ரிக்கெற் இல்லை. இரண்டாவது நிறுத்தம் ஜோன்-ரலோன். அங்கே மாறிச் செம்மஞ்சள் வரியில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் கார்ட்டியே. கடைசி இரண்டு நிலையத்துக்கும் நடுவில் ஆற்றுக்குக் கீழாலேயே வண்டி போகிறது, ஒன்றும் தெரியாது. பெட்டிக்குள் இரண்டு சூனியக்காரிகளும் ஒரு வாழைப்பழமும் இருந்தார்கள். வாழைப்பழம் ஒரு பெரிய மனிதர், மடியில் அலுவலகப் பையோடு.

மேலே வந்து பஸ் ஏறினோம். சாரதி தலையில் கொம்பு வைத்திருந்தார். ஆரணியின் சிறகைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மேடம் என்ன வேஷம் என்று பிரெஞ்சில் என்னைக் கேட்டார். நான் வாய் திறக்க முன்னம் ஆரணி முந்திக்கொண்டாள்: "பொலிஸ்." அந்த மனிதர் வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

மாலை 5.00. பஸ்ஸில் பதினோராவது நிறுத்தத்தில் என் தங்கை குமுதாவின் வீடு. அவளுடைய மகள் மிது என்கிற மிதுஷாவும் ஆரணியைப் போல ஆறாம் வகுப்புத்தான்; இங்கே ஆரம்பப் பாடசாலையின் கடைசி வகுப்பு அது. அவள் எலும்புக்கூடு. வெள்ளிக்கிழமை என்றபடியால் இடியப்பமும் சொதியும். மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. வாசலில் ஐந்து டொலர்ப் பூசணிக்காய் ஒன்று, பல்லை இளித்தபடி.

ஆறு மணிக்குப் பிள்ளைகள் புறப்பட, வெளியே நாலு பாகைக் குளிர். நான் ஜக்கெற்றை எடுத்தேன்.

"ஜக்கெற்றை மேல போட்டால் நான் வௌவால் எண்டு ஆருக்கம்மா தெரியும்?"

"காய்ச்சல் வந்தால் எல்லாருக்கும் தெரியும். போடு."

பக்கத்து அறையிலிருந்தும் இதே சண்டை கேட்டது. ஒரே வீட்டில் வளர்ந்த அக்கா தங்கைதானே நாங்கள். இரண்டு பேரும் வென்றோம். ஊதா நிற ஜக்கெற்றுகள் இரண்டு வாசலால் இறங்கிப் போயின. போன கிறிஸ்மஸ் மலிவு விற்பனையில் ஒன்று அறுபது டொலர் என்று நானும் குமுதாவும் சேர்ந்து வாங்கியவை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நிறம், ஒரே அளவு. வேறு வேறாக எடுத்தால் சண்டை வருமே.

மாலை 6.10. நான் சப்பாத்தைப் போட்டேன்.

"எங்கையக்கா?"

"தெப்பனேருக்கு. பால் வாங்கிக்கொண்டு வாறன்."

"பால் ரெண்டு பெட்டி கிடக்கு."

"அப்ப தயிர்."

குமுதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். தெப்பனேர் என்ற அந்த மூலைக்கடை இருப்பது வலப்பக்கம். நான் திரும்பியது இடப்பக்கம்.

லவாலின் தெருக்கள் நேராகப் போவதில்லை. வளைந்து வளைந்து போய்த் தொடங்கிய இடத்துக்கே கிட்ட வந்து நிற்கும். புல்வெளியெங்கும் அட்டைக் கல்லறைகள், மரங்களில் பஞ்சுச் சிலந்திவலை, காற்றடித்த பூதமொன்று கூரை உயரத்துக்கு நின்று ஆடுகிறது. ஆறு பிள்ளைகள் முன்னால். ஐம்பது அடி பின்னால் நான். ஒரு சந்தியில் அவர்கள் மூன்று மூன்றாகப் பிரிந்தார்கள். ஊதா ஜக்கெற் இடப்பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன்.

அடுத்த மூன்று தெருக்களும் நான் பார்த்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து நன்றி சொல்கிறாள். சின்னப்பிள்ளைகள் வந்தால் விலகி வழிவிடுகிறாள். ஒரு குட்டிச் சிங்கத்தின் பை அறுந்து இனிப்பெல்லாம் கொட்ட, இருட்டில் முழந்தாளில் இருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுக்கிறாள். வீட்டில் விழுந்த பென்சிலைக்கூட எடுக்காத பிள்ளை! ஒரு காருக்குப் பின்னால் ஒளிந்து நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இல்லாத இடத்தில் என் பிள்ளை இப்படியா இருக்கிறாள் என்று உள்ளம் பூரித்துப் போனேன்.

மூன்றாவது தெரு முடிவில் அவள் திரும்பி முகமூடியை மேலே தூக்கினாள்.

"பெரியம்மா! நீங்கள் ஏன் எனக்குப் பின்னால வாறீங்கள்?"

மிது.

"ஆரணி எங்கை?"

"அவள் மற்ற ரோட்டால போயிட்டாள். அப்பவே." கைபேசியை எடுத்தாள். "கூப்பிடட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. என்னைக் கண்டதெண்டு சொல்லிப்போடாதை."

ஓகே என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு சொக்லேற்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். ஊதா ஜக்கெற்றை ஆரணிக்கு அடம்பிடித்துப் போட்டுவிட்டதும் நான்தான். அதை நம்பி ஏமாந்ததும் நான்தான். வெறுங்கையோடு போக முடியாது. ஐந்தரை டொலர் கொடுத்துத் தயிர் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஏழு ஐம்பதுக்கு ஆரணி வந்தாள். கன்னமெல்லாம் சிவந்து, ஜக்கெற்றின் சிப் வயிறு வரை திறந்து, சிறகு வெளியே தொங்க. இடியப்பம் சாப்பிடும்போது, நான் தயிர் வாங்கப் போன கதையைக் குமுதா சொல்லிச் சிரித்தாள்.

இரவு 8.45. திரும்பும் மெற்றோ. ஆரணி பையை மடியில் கொட்டி, விலங்கு எலும்பில் எடுக்கும் ஜெலற்றின் உள்ளவற்றை, வெள்ளிக்கிழமை ஆகாதென்று, நாளைக்கென ஒருபக்கம் ஒதுக்கினாள். பிறகு நிமிராமலே கேட்டாள்.

"தயிர் வாங்கினீங்களோ அம்மா?"

"ஓம்."

"மிது எனக்கு அப்பவே மெசேஜ் போட்டிட்டாள்."

மானம் கப்பலேறியது. "கோபமோ?"

"இல்லை. சிரிப்புத்தான் வந்தது. நீங்கள் கேட்டிருந்தால் நான் வரவிட்டிருப்பன். இதுதானே கடைசி."

"என்ன கடைசி?"

"அடுத்த வருஷம் செக்கண்டரி. செக்கண்டரிப் பிள்ளையள் ஹலோவீனுக்குப் போறேல்லையம்மா. வீட்டிலயிருந்து மற்றப் பிள்ளையளுக்குக் குடுக்கிறதுதான். நாங்கள் எல்லாரும் இண்டைக்கு அதைத்தான் கதைச்சுக்கொண்டு போனனாங்கள்."

நாளைக்குப் பாடசாலை இல்லை என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு ஒரு ரொஃபியை உரித்து வாயில் போட்டாள். ஒரு வருடமும் தவறவிடாதவள் நான். எது கடைசி என்று யாராவது முன்கூட்டிச் சொல்கிறார்களா? சொல்லியிருந்தால் அந்தச் சந்தியில் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்திருப்பேன். என் பிள்ளையின் கடைசி ஹலோவீனில் நான் என் தங்கையின் பிள்ளைக்குப் பின்னால் போயிருக்கிறேன். அவளைப் பார்த்து அழுதும் இருக்கிறேன். மிதுவும் எனக்குப் பிள்ளைதான், அதில் குறையில்லை. ஆனால் ஆரணி அந்த நேரம் எந்த வாசலில் நின்று சிரித்தாள்?

ஜோன்-ரலோனில் இறங்கினோம். நீல வரி மேடையில் உட்கார ஒரு வாங்கு கிடந்தது. இருந்தேன்.

"ஆரணி, நீ போனதைச் சொல்லு."

"எல்லா வீடுமோ?"

"முதல் வீட்டிலயிருந்து."

என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்து, சிறகை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தொடங்கினாள். முதல் வீட்டில் ஒரு வயோதிபர் கதவைத் திறந்து, தானே பயந்ததுபோல நடித்தாராம். இரண்டாவதில் நாய்க்கும் வேஷமாம். நாலாவது வீட்டில் ஜக்கெற்றைத் திறந்து சிறகை விரித்துக் காட்ட, ஒரு குழந்தை கைதட்டியதாம். கையை விரித்துக் காட்டிக் காட்டிச் சொன்னாள். ஒரு வண்டி வந்து போனது. அடுத்ததும் வந்து கதவு திறந்தது.

"அம்மா, ஏறுவமே?"

"இன்னும் எத்தினை வீடு கிடக்கு?"

மனதுக்குள் எண்ணினாள். "பதினொண்டு."

"அப்ப இரு."

கதவு மூடிக்கொண்டது. வண்டி போய்விட்டது.