ஆட்சேபனை இல்லை

சுனாமிக்கு அடுத்த மாதம் கல்முனைக்குடிக் கரையில் கறுப்பு மணல் தோண்டினேன். அதிலுள்ள அருமண் பொஸ்பேற்றின் அணு அடுக்கையும் காந்தத்தன்மையையும் ஆராய்வது என் உத்தியோகம். மாதிரி எடுக்கும் விதிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒரு பெண் ஓடிவந்தாள்.

"சேர், அதில தோண்டாதீங்க! எங்கட உம்மாவ அதிலதான் அடக்கியிருக்கம்."

"மையவாடி என்று பலகை ஒன்றும் இல்லையே?"

"பலகை நட ஆரு சேர் மிஞ்சின?"

விதிப்படி படிவத்தை நீட்டினேன். "ஆட்சேபனையை இதில் எழுதித் தாங்க."

"எனக்கு எழுதத் தெரியாதே."

எழுத்தில் வராத ஆட்சேபனை விதிப்படி செல்லாது. 'ஆட்சேபனை இல்லை' என்று நானே நிரப்பிவிட்டு, அவள் அழ அழப் பையில் மணலை அள்ளினேன்.

அறிக்கையில் 'மாதிரி தூய்மையானது' என்று எழுதினேன். மேலதிகாரிகள் பாராட்டினார்கள். நான் ஒரு விதியையும் மீறவில்லை. அதை நினைக்கும்போதுதான் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது.